கீபோர்டுக்குள் போன கிட்டார்காரர்

ஒயர் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று ஒரு நிமிடம் யோசிப்பார். வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக், அங்கேயும் ஒயர்தான். விடுமுறை நாட்களில் மேடையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர். அங்கே இன்னும் கூடுதலாக ஒயர். கழுத்தில் ஒரு கேபிள், தோளில் ஒரு கேபிள், காலடியில் பத்துப் பன்னிரண்டு.

"துணி காயப்போட வீட்டுல ஒரு கயிறு இல்ல. மனுஷன் கழுத்துல மட்டும் பத்து மீட்டர் தொங்குது" என்பார் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அளவு தப்பாது.

அவருடைய கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்கச் சாதாரண கிட்டார்தான். ஆனால் தந்திகள் முடிகிற இடத்தில், அவற்றுக்கு அடியில், சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கும். தந்திக்கு ஒன்றாக அதில் ஆறு கண்கள். எந்தத் தந்தியில் எந்தச் சுரம் துடிக்கிறது என்று அவை பார்த்து, பென்சில் தடிமனுள்ள கேபிள் வழியாகக் காலடியில் கிடக்கும் சின்த் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அந்தச் சுரத்தை வயலினாக்கித் தரும். பித்தானை மிதித்தால் ட்ரம்பெட். இன்னொரு மிதி மிதித்தால் முப்பது பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி ஒரு 'ஆ'. அதற்குப் பக்கத்தில் எஃபெக்ட்ஸ் பெட்டி. சத்தத்தைக் குளியலறைக்குள் அனுப்பலாம், மலையடிவாரத்துக்கு அனுப்பலாம், தொண்டை கட்டிப்போனதாக்கலாம்.

பெட்டி இருந்தால் யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம் என்று நினைத்தால் அது தப்பு. சுரம் என்ன என்று புரிந்துகொள்ள பெட்டிக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். மெல்லிய தந்தி என்றால் டக்கென்று பதில் சொல்லும். தடித்த தந்தி என்றால், டீச்சர் கேள்வி கேட்டதும் கூரையைப் பார்க்கிற பையன் மாதிரி இழுக்கும். அதனால் தடித்த தந்தியைத் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே மீட்ட வேண்டும். விரல் நுனி பக்கத்துத் தந்தியில் லேசாகப் பட்டால்கூடப் போதும், அழுதுகொண்டிருக்கும் வயலின் திடீரென்று வாலை மிதித்த நாய்க்குட்டி மாதிரி வீலென்று கத்தும். அந்த நாய்க்குட்டியை அடக்க ஒயருக்கு மூன்று வருடம் பிடித்தது.

பிறகு ஒவ்வொரு சத்தத்தையும் தானே செதுக்கி, நம்பர் போட்டு, பெட்டிக்குள் சேமித்தார். பதினேழு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழுகிற வயலின். இருபத்து மூன்று, வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு ஓடுகிறவன் மாதிரித் துள்ளும் ட்ரம்பெட். முப்பத்தொன்று, புல்லாங்குழல். முப்பத்தொன்று பிறந்த பிறகு, குழுவில் இருந்த புல்லாங்குழல்காரரை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஒருநாள் ஒத்திகைக்குத் தானாகவே வந்தார். ஓரமாக நின்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒயர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

குழுவுக்குத் தலைவர், பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒயரின் சிநேகிதர். பட்டப்பெயர் மைக்கு. பாடுவார், நிகழ்ச்சியைத் தொகுத்தும் தருவார். மைக் கையில் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே பேசுவார். டீக்கடையில் போய், "அன்பான டீ மாஸ்டர் அவர்களே, இந்த இனிய மாலைப்பொழுதில், சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்பார். மற்றபடி, டிரம்ஸ் வாசிக்கும் டமாரம். பாட வரும் ஒரு பெண். கீபோர்டில் ஒயரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவனைக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் ஒயர்தான். "என் மச்சான். காது நல்ல காது. வாய்தான் பெரிசு" என்று அறிமுகம் செய்து வைத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஓட்டல் வந்தது. ஊரிலேயே பெரிய ஓட்டல். மூன்றாவது மாடி ஹாலில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, ஒரு வருடத்துக்கு இவர்கள் வாசிக்க வேண்டும். பதினெட்டு வருடமாக யார் யார் வீட்டு விசேஷத்திலோ சாப்பாட்டு இரைச்சலுக்கு நடுவே வாசித்தவர் ஒயர். நிலையாக ஒரு மேடை, உட்கார்ந்து கேட்க ஒரு கூட்டம், இது ஒன்றுதான் அவர் கேட்டது.

"ஒரே ஒரு வேலை இருக்கு ஒயரு" என்றார் மைக்கு. "ஓட்டல் சவுண்டு இன்ஜினியர் உன் சத்தத்தையெல்லாம் தனித்தனியா கேக்குறாரு. ஒவ்வொரு சுரமா. மெதுவா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, ஓங்கி ஒண்ணு. அந்த ஹால் ஸ்பீக்கரை அதுக்கேத்த மாதிரி செட் பண்ணணுமாம்."

வேறு யாராக இருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். ஒயர் கேட்கவில்லை. லிஃப்ட் வேலையில் அப்படித்தான் செய்வார்கள். பத்து மாடி என்றால் பத்து மாடியிலும் நிறுத்தி, பெட்டியின் தரையும் மாடியின் தரையும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; ஆள் இல்லாமல் ஒருமுறை, பாதி பாரத்தோடு ஒருமுறை, முழுப் பாரத்தோடு ஒருமுறை. ஒரு இன்ஜினியர் அப்படிக் கேட்கிறார் என்றதும் அவருக்கு அந்த ஆள் மேல் மரியாதையே வந்துவிட்டது.

"விஷயம் தெரிஞ்ச மனுஷன்டா" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மைக்கு வீட்டுப் பின்னறையில், சுவரில் மெத்தைகளைச் சாத்தி வைத்து, மச்சான் காதில் ஹெட்போனும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தான். ஒயர் புதுத் தந்தி மாட்டிக்கொண்டு போனார். மின்விசிறி சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்தச் சொன்னார். வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, பதினேழாம் நம்பரின் எல்லாச் சுரத்தையும் ஒவ்வொன்றாக மீட்டினார். பிறகு இருபத்து மூன்று. பிறகு முப்பத்தொன்று. மச்சானே "போதும் மாமா, நல்லாத்தான் இருக்கு" என்றாலும் விடவில்லை.

"இல்ல மாப்ள, அந்தக் கடைசிச் சுரத்துல லேசா ஒரு கரகரப்பு கேக்குது பாரு. அதை அழி. இன்னொரு தடவை தர்றேன்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு அழித்தான். இன்னொரு தடவை வாங்கிக்கொண்டான்.

நான்காவது வாரம் மைக்கு போன் செய்தார். "பெருமைக்குரிய கிட்டார் கலைஞர் அவர்களே, ஒரு சின்ன வருத்தமான அறிவிப்பு. ஹால்ல பெயிண்ட் அடிக்குறாங்களாம். புரோகிராம் அடுத்த மாசம்." ஒயர் அதையும் நம்பினார். சனிக்கிழமை சும்மா இருப்பானேன் என்று லிஃப்ட் கம்பெனியில் அன்றைய டியூட்டியை வாங்கிக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு ஆபீசிலிருந்து அழைப்பு. "அண்ணே, பெரிய ஓட்டல்ல சரக்கு லிஃப்ட் நின்னு போச்சு. முதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல. உள்ள ரெண்டு பேர். அதுல ஒருத்தர் ரொம்பக் கத்துறாராம்."

ஒயர் போனார். நேரே மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, லிஃப்டுக்குள் பேசும் இன்டர்காமைக் கையில் எடுத்தார்.

"லிஃப்ட் சர்வீஸ். பயப்படாதீங்க. உள்ள எத்தனை பேர்?"

"மதிப்பிற்குரிய சர்வீஸ் அவர்களே!" என்றது இன்டர்காம். "நாங்கள் இருவர். நான்கு மணிக்கு எங்களுக்கு மேடை. தயவுசெஞ்சு சீக்கிரம்!"

ஒயருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டேய் மைக்கு, நான்தான்டா, என்று சொல்ல வாயைத் திறந்தார். நான்கு மணிக்கு மேடை என்ற சொல் அப்போதுதான் உள்ளே இறங்கியது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது வந்தது ஆபீசில் படிவம் நிரப்பும் சூப்பர்வைசரின் குரல், மூக்கால் பேசுகிற குரல். பதினெட்டு வருடம் ஒரு சத்தத்தை இன்னொரு சத்தமாக்கியவருக்கு அது பெரிய வேலை இல்லை. மறுமுனையில் இருப்பவரோ தன் குரலைத் தவிர வேறு குரலைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

"ஓவர்லோடு மணி அடிச்சுதா?"

"அடிச்சுது சார். டிரம்ஸ்காரனை இறக்கிவிட்டோம், மணி நின்னுடுச்சு."

"அப்புறம் எப்படி நடுவுல நின்னுச்சு?"

"அவன் கையில இருந்த ஆம்ப்ளிஃபயரை மட்டும் கதவு மூடுற நேரத்துல உள்ள இழுத்துக்கிட்டோம் சார்."

"அது டிரம்ஸ்காரரைவிட வெயிட்டா?"

"ரெண்டு டிரம்ஸ்காரன் இருக்கும் சார்."

"என்னென்ன சாமான்? ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதணும்."

"ஸ்பீக்கர் நாலு. ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு. டிரம்ஸ் ஒரு செட்டு. கீபோர்டு ஒண்ணு."

ஒயர் இன்டர்காமை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "கிட்டார்?"

"கிட்டார் இல்ல சார். கிட்டார், வயலின், ட்ரம்பெட்டு, எல்லாம் கீபோர்டுக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு சுரமா பதிவு பண்ணி உள்ள ஏத்திட்டோம். கட்டையை அமுக்கினா அந்த ஆள் வாசிச்ச மாதிரியே வரும்!"

"அண்ணே, இதெல்லாம் எதுக்கு அவருகிட்ட" என்று பின்னால் முணுமுணுத்தது மச்சானின் குரல். "சும்மா நில்லுங்களேன். மூச்சு வாங்குது."

"எனக்கும்தான்டா மூச்சு வாங்குது. சார், ஒரு தமாஷ் தெரியுமா? எங்க கிட்டார்காரனே லிஃப்ட் மெக்கானிக்தான்!"

"அப்போ அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"அவனை இன்னைக்கு இங்க கூப்பிட முடியாது சார்."

"ஏன்?"

மைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, மைக் இல்லாதவர் மாதிரி பேசினார். "அவனுக்கு இது தெரியாது சார்."

ஒயர் இன்டர்காமை வைத்தார்.

இனி செய்ய வேண்டியது சின்ன வேலை. பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகையால் மோட்டார் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பாரம் அதிகம் இருப்பதால் பெட்டி தானாகவே கீழே இறங்கப் பார்க்கும். அதை விடாமல் அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். ஒயர் நெம்புகோலைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் சுரம் சுரமாக அவர் முன்னால் வந்தன. அழி, இன்னொரு தடவை தர்றேன். யார் கேட்டது? இவரேதான். அவர்கள் போதும் என்றார்கள். இவர்தான் போதாது என்றார். வீட்டைப் பூட்டாமல் போனவனிடம் திருடுவார்கள், தெரியும். இவர் உள்ளே கூப்பிட்டு, பீரோவைத் திறந்து, துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கீழே இருந்து மெல்லிசாகக் கத்தல் கேட்டது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் என்ன ஆகும்? மேடை போகும். பெட்டிக்குள் காற்று வரும், சாக மாட்டார்கள். அவர் இதை நினைத்தது உண்மை. ஆனால் அவர் கை அப்படிப்பட்ட கை இல்லை. நெம்புகோலை அழுத்தி, சக்கரத்தைச் சுற்றி, கயிற்றில் முதல் மாடிக்கான மஞ்சள் குறி வரும்வரை இறக்கினார். தரையும் தரையும் சமமாக இருக்க, இன்னும் அரை அங்குலம் திருத்தினார். பிறகு படியிறங்கிப் போய் சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே மைக்கு, ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்து, "மிக்க நன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"மாமா" என்றான் மச்சான். கீபோர்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தான்.

"பெயிண்ட் காஞ்சிருச்சா?" என்றார் ஒயர்.

"ஒயரு, நான் சொல்றதைக் கேளு. மேடை ரொம்பச் சின்னது. அஞ்சு பேர் நிக்க முடியாது."

"நாலு ஸ்பீக்கர் நிக்குமா?"

"ஓட்டல்காரங்க சொன்னாங்கடா, ஆள் கம்மியா..."

"மூணு வாரம் மெத்தைக்கு நடுவுல உக்கார வெச்சு வாங்குனியே, அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. டேய், இதுல நீ இல்ல, ஆனா உன் சத்தம் வேணும்னு கேட்டிருந்தா..."

"கேட்டா குடுத்திருப்பியா?"

ஒயர் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்குக்கு அது தெம்பு கொடுத்தது. எழுந்து நின்றார். "புல்லாங்குழல்காரர் போனப்போ நீ என்ன பண்ணுனே? அவர்கிட்ட கேட்டியா? அவர் இடத்துல நின்னு வாசிச்சேல்ல?"

"வாசிச்சேன்" என்றார் ஒயர். குரல் ஏறவில்லை. "அவருக்குச் செஞ்சது தப்புத்தான். அதை நான் அவர்கிட்ட போய்ச் சொல்லிக்கிறேன். ஆனா அவரைப் பின்னறையில உக்கார வெச்சு, அவர் மூச்சைப் பிடிச்சு டப்பாவுல அடைக்கல. என் விரலால வாசிச்சேன்." பிறகு மச்சானைப் பார்த்தார். "நீ சொல்லு மாப்ள. அழி, இன்னொண்ணு தர்றேன்னு நான் சொன்னப்போ உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணுச்சு மாமா."

"அப்புறம்?"

"நீங்க அவ்வளவு ஆசையா வாசிச்சீங்க... நிறுத்த மனசு வரல."

டமாரம் படியில் மூச்சிரைக்க இறங்கி வந்தவன், ஒயரைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தான். ஒயர் லிஃப்டின் கைப்பிடியில், 'பழுது, பயன்படுத்தக் கூடாது' என்ற பலகையை மாட்டினார்.

"என்னடா இது! ஹால் மூணாவது மாடியில இருக்கு!"

"கையால இறக்கின லிஃப்டை முழுசா சோதிக்காம ஓட்டக் கூடாது. ரூல். படி அந்தப் பக்கம்."

அது உண்மையிலேயே ரூல்தான். பழி வாங்கினார் என்று பின்னால் மைக்கு ஊரெல்லாம் சொன்னது சரியில்லை. ஆனால் ஆளுக்கொரு ஸ்பீக்கராகத் தூக்கிக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் "இந்தப் பக்கம் சாய்டா", "என் காலு, என் காலு" என்று அவர்கள் ஏறியதை ஒயர் நின்று பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் சரியாக இருக்காது.

நான்கு மணிக்கு ஒயர் மூன்றாவது மாடியில், கதவின் உருளைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஹாலுக்குள் மைக்கு பேசி முடித்தார். பிறகு பதினேழாம் நம்பர் அழ ஆரம்பித்தது.

ஸ்பானர் கையில் நின்றுவிட்டது. தன் குரலைப் பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல இருந்தது. ஒயர் குறை தேடினார், வெறியோடு தேடினார். கிடைத்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தந்தியை விரலால் தள்ளி அவர் வழுக்கிப் போகும் இடம் இருக்கிறதே, அது அங்கே இல்லை. அதை அவர்கள் கேட்கவில்லை, இவரும் தரவில்லை. வயலின் படி ஏறுகிறது, வழுக்கவில்லை. பார், செத்துக் கிடக்கிறது பார், என்று அவர் மனம் துள்ளியது. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பாட்டு முடிந்தது. ஹால் முழுக்கக் கைதட்டல். நின்று மறுபடியும் எழுந்த கைதட்டல்.

கதவைத் தள்ளிக்கொண்டு, போன் பேச ஒரு பெண் வெளியே வந்தாள். பேசி முடித்துவிட்டு ஒயரைப் பார்த்தாள். "அண்ணே, உள்ள அந்த வயலின் வாசிக்கிறது யாரு? எவ்வளவு தேடியும் ஆளையே காணோம்."

"தெரியலம்மா" என்றார் ஒயர். "லிஃப்ட் ஓடாது. கீழ போறதுன்னா படியில போங்க."

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார். மனைவி சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"உன் தம்பி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்" என்றார் ஒயர், செருப்பைக் கழற்றியபடியே. "பெரிய ஓட்டல்ல. நான்தான் எடுத்தேன்."

"அய்யய்யோ. புரோகிராமுக்கு நேரத்துக்குப் போயிட்டானா?"

ஒயர் ஒரு செருப்போடு நின்றார். "புரோகிராம்னு நான் சொல்லவே இல்லையே."

மனைவி பேனாவை மூடினார். மூடி, திறந்து, மறுபடி மூடினார். "ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். அழுதான். மாமாகிட்ட சொல்லாதக்கான்னான்."

"நீ சொல்லல."

"ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்க. எப்படிச் சொல்றது? நீங்க பாட்டு முணுமுணுத்துக்கிட்டே கிளம்புனீங்க. இத்தனை வருஷத்துல அவ்வளவு சந்தோஷமா நான் உங்களைப் பாத்ததில்ல."

"மூணாவது ஞாயிறு போனேனே. சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தியே."

வகுப்பில் நாற்பது பேரை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவர், முன்னால் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய போன் அடித்தது. தம்பி. எடுக்கட்டுமா என்று பார்த்தார்.

"எடு. எனக்கும் கேக்குற மாதிரி வை."

"அக்கா!" என்றது போன், மூச்சு விடாமல். "மாமா வந்துட்டாரா? கோவமா இருக்காரா? அக்கா, ஒரு சின்ன உதவி. இருபத்து மூணாம் நம்பர் ட்ரம்பெட்டுல மேல ஒரே ஒரு சுரம் பதிவாகாம விட்டுப்போச்சு. இன்னைக்கு அந்த இடத்துல சத்தமே வரல, மைக்கண்ணன் இருமிச் சமாளிச்சாரு. ஒரே ஒரு சுரம்தான் அக்கா, ரெண்டு நிமிஷ வேலை. மாமாவை எப்படியாவது பேசி..."

ஒயர் நாற்காலியை இழுத்து, மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்தார். போனைத் தொடவில்லை.

"உன்கிட்டத்தான கேக்குறான்" என்றார் மனைவியிடம். "நீயே பதில் சொல்லு."

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"வைடா போனை" என்றார் மனைவி. குரல் உடைந்திருந்தது. "இனிமே இந்தப் பேச்சை எடுத்துக்கிட்டு இந்த வீட்டுக்கு வராத."

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எதையோ கேட்டது.

"சரியாத்தான் சொன்னே" என்றார் ஒயர். "ஆனா இதை ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும்."